மூன்று தெர்மாமீட்டர், ஒரு ஃபேன்: ஆவியாதல் குளிர்விப்பதை வகுப்பில் செய்துகாட்டும் முறை

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் அந்த இடம் சில்லென்று ஆகும். ஆவியாதல் பாடம் வந்தால் நாம் எல்லோரும் சொல்லும் உதாரணம் இதுதான். பிள்ளைகள் கையில் இரண்டு சொட்டு சானிடைசரை விட்டு, "குளிருதா?" என்று கேட்டு, "ஆமா சார்" என்று ஒரு கோரஸ் வாங்கிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். ஆர்வத்தைத் தூண்ட இது நல்ல வழிதான். ஆனால் இதைச் சோதனை என்று சொல்ல முடியாது. தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. மேசைமேல் இருக்கும் திரவங்கள் நம் ஊரில் பெரும்பாலும் 29, 30 டிகிரியில் இருக்கும். அதனால் ஆவியே ஆகாத நல்லெண்ணெயைத் தடவினாலும் முதல் நொடியில் லேசாகக் குளிரத்தான் செய்யும். தோலை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு நிற்காது.

தெர்மாமீட்டரில் ஈரத்துணியைச் சுற்றிக் காட்டுவது இதைவிட மேல். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரீடிங் இறங்கியதும் பின் பெஞ்சிலிருந்து கேள்வி வரும்: "மிஸ், ஃபேன் காத்து பட்டதால இறங்கியிருக்கலாம்ல?" இன்னொருவர், "தண்ணியே ஜில்லுனு இருந்திருக்கும்" என்பார். இரண்டுமே நியாயமான சந்தேகங்கள். இந்த இரண்டுக்கும் வாயால் பதில் சொல்லாமல் மேசையிலேயே பதில் வைக்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று தெர்மாமீட்டர். ஒன்று காய்ந்தது. இன்னொன்று ஈரத்துணி சுற்றியது. மூன்றாவதும் ஈரத்துணி சுற்றியதுதான், ஆனால் மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டியது. மூன்றும் ஒரே ஃபேனின் முன்னால். ஈரமாக இருப்பது மட்டும் போதாது, காற்று படுவது மட்டும் போதாது, தண்ணீர் ஆவியாகி வெளியே போனால்தான் குளிர்ச்சி என்பதை இந்த மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை இதை நடத்தலாம். 40 நிமிட பீரியடில் முடியும், ஆனால் முதல் நாளே கொஞ்சம் வேலை இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

லேப் தெர்மாமீட்டர் மூன்று. மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை காட்டும், உள்ளே சிவப்புத் திரவம் உள்ள வகை போதும். பாதரசத் தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் கைக்குப் போய் உடைந்தால் அதைச் சுத்தம் செய்வது பெரிய பாடு.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பழைய கண்ணாடி வகை 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். அதோடு, ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும், அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் வகை, அறை வெப்பநிலையில் எண் காட்டாமல் 'லோ' என்று நின்றுவிடும். மீன் தொட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் விற்கிறார்களே, வயர் நுனியில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், அது மிக வசதி. பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும், விலையும் அதிகமில்லை, கடைசி பெஞ்சுக்கும் எண் தெரியும். என்னைக் கேட்டால், கண்ணாடித் தெர்மாமீட்டரை விட இதுவே மேல்.

துணிக்கு வெள்ளை நிறக் காட்டன் ஷூ லேஸ் வாங்குங்கள். உள்ளே குழாய்போல இருக்கும் வகை. அதை நான்கு சென்டிமீட்டர் வெட்டி தெர்மாமீட்டர் குமிழில் உறைபோல ஏற்றினால் கச்சிதமாக உட்காரும். கிடைக்காவிட்டால் பழைய மல் வேட்டியிலிருந்து ஒரு துண்டு, நூலால் ஒரு கட்டு. எதுவானாலும் புதிதாக இருந்தால் சோப்புப் போட்டுத் துவைத்து, வெந்நீரில் அலசிவிட வேண்டும். கஞ்சிப்பசை உள்ள துணி தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சும் ஆகும், ஆனால் மெல்லிசாக ஒரு சுற்று மட்டும். பந்துபோலச் சுற்றினால் உள்ளே உள்ள தண்ணீர் குளிர நேரமாகும், பீரியட் போய்விடும்.

இவை தவிர, ஒரு டேபிள் ஃபேன், சிறிய பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், தெர்மாமீட்டரைத் தொங்கவிட ஸ்டாண்டு அல்லது இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கம்பு, நூல், ஒரு கடிகாரம். இரண்டாம் பாகத்துக்கு மட்டும் 20 மில்லி ஸ்பிரிட் அல்லது சானிடைசர். கரண்ட் போய்விட்டால் பரீட்சை அட்டை இருக்கிறது, விசிறிக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலை

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, மூடி, மறுநாள் சோதனை நடக்கும் அதே அறையில் வைத்துவிடுங்கள். தண்ணீரும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். மூடுவது முக்கியம். திறந்து வைத்தால் அதுவே ஆவியாகிக் கொஞ்சம் குளிர்ந்துவிடும், நாம் நிரூபிக்கப் போவதே சோதனைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துவிடும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், மண்பானைத் தண்ணீர் ஏற்கனவே குளிர்ந்தது. இரண்டும் வேண்டாம்.

அப்புறம், தெர்மாமீட்டர்களைச் சரிபார்ப்பது. பலரும் தாண்டிப் போகும் இடம் இது. பள்ளிக்கு வரும் மலிவான தெர்மாமீட்டர்கள் ஒன்றோடொன்று ஒரு டிகிரி, சில சமயம் இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டும். கடலோர ஊரில் நாம் எதிர்பார்க்கும் மொத்த இறக்கமே நான்கு டிகிரிதான் என்றால், அதில் இரண்டு டிகிரி கருவியின் பிழையாக இருந்தால் என்ன மிஞ்சும்? அதனால் மூன்றையும் ஒரே டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி ரீடிங் எடுங்கள். 'அ' 30, 'ஆ' 31, 'இ' 30 என்று வந்தால், 'ஆ'வின் ரீடிங்கில் எப்போதும் ஒன்று கழிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். இதை மறுநாள் பிள்ளைகள் முன்னால் மறுபடி ஒரு தடவை செய்துகாட்டினாலும் நல்லதுதான். கருவியையே சந்தேகப்படலாம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

எந்த நாள், எந்த நேரம்

சோதனை சொதப்பினால் பாதிக்கு மேல் காரணம் இங்கேதான் இருக்கும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியிலிருந்து தண்ணீர் எளிதில் போகாது. அறை 32 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், ஈரத் தெர்மாமீட்டர் 24 டிகிரி வரை இறங்கும். எட்டு டிகிரி வித்தியாசம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் 28 பக்கத்திலேயே நின்றுவிடும். கோடையில் 36 டிகிரியும் 40 சதவீதமும் அமைந்தால் 25 வரை போகும்.

ஆக, வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள் மாவட்டங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணிக்குள் செய்தால் அமோகமாக வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் என்றால் கடல்காற்று உள்ளே வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடாதீர்கள். ஏசி போட்ட அறையில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம், ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுவதால் இறக்கம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் அறை முழுக்க வெப்பநிலை ஒரே நிலைக்கு வந்த பிறகு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த தெர்மாமீட்டரும் கூடவே இறங்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் குழம்புவார்கள்.

மழைக்காலத்தில்தான் பாடம் வருகிறது, வேறு வழியில்லை என்றால், தண்ணீரை விட்டுவிட்டு ஸ்பிரிட்டோடு செய்யுங்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஸ்பிரிட் ஆவி கிடையாது, அதனால் அது போய்க்கொண்டே இருக்கும்.

வகுப்பில்: படிப்படியாக

1. முதலில் கணிப்பு. மூன்று தெர்மாமீட்டரையும் ஃபேன் போடாமல் தொங்கவிட்டு, எது காய்ந்தது, எது ஈரம், எது மூடியது என்று காட்டிவிட்டு, நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: "ஃபேன் போட்டதும் ஒவ்வொன்றும் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" எழுதி முடித்த பிறகுதான் ஸ்விட்ச். வாயால் கேட்டால் முதல் பெஞ்சில் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்லுவார்கள். எழுதும்போது பாருங்கள், பெரும்பாலோர் காய்ந்த தெர்மாமீட்டரும் இறங்கும் என்றே எழுதியிருப்பார்கள். ஃபேன் காற்று குளிர்ந்த காற்று என்பது அவ்வளவு ஆழமாகப் பதிந்த நம்பிக்கை.

2. பொறுப்புகளைப் பிரித்துவிடுங்கள். தெர்மாமீட்டருக்கு ஒருவர், நேரம் சொல்ல ஒருவர், கரும்பலகையில் எழுத ஒருவர். ரீடிங் எடுப்பவர் திரவ மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். குமிழைக் கையால் தொடக்கூடாது, கிட்டே போய் மூச்சு விடவும் கூடாது.

3. தொடக்க ரீடிங். துணி உறை போட்ட இரண்டையும் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டுவது நின்றதும், ஒன்றின் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள். கவருக்குள் காற்று இடம் குறைவாக இருக்கட்டும். உடனே மூன்றின் ரீடிங்கையும் எழுதுங்கள். முதல் நாள் கண்டுபிடித்த பிழையைக் கழித்த பிறகு, மூன்றும் ஒன்றாகவோ அரை டிகிரி வித்தியாசத்திலோ இருக்க வேண்டும். "தண்ணியே ஜில்லுனு இருந்திருக்கும்" என்ற சந்தேகத்துக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

4. ஃபேன் போடுங்கள். மூன்று தெர்மாமீட்டருக்கும் ஒரே தூரம், ஒரே வேகம். ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும், வெயில் பட்டால் காய்ந்தது தனியாக ஏறும். 30 நொடிக்கு ஒரு ரீடிங், ஐந்து நிமிடத்துக்கு.

5. என்ன நடக்கும்? ஈரத் தெர்மாமீட்டர் முதல் ஒரு நிமிடத்தில் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும், இரண்டு மூன்று நிமிடங்களில் ஓரிடத்தில் நின்றுவிடும். காய்ந்தது அசையாது. இதைத்தான் வகுப்பு நம்பாது. ஃபேனுக்கு எதிரே போய்த் தட்டிப் பார்க்கும் ஆளும் உண்டு. மூடியது, ஆரம்பத்தில் ஒரு சிறு இறக்கம் காட்டினாலும் காட்டும். கவருக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றில் ஈரம் நிறையும்வரை ஆவியாகும், அவ்வளவுதான். பிறகு காய்ந்ததன் பக்கத்திலேயே நின்றுவிடும்.

6. கவரைக் கழற்றுங்கள். இந்தச் சோதனையின் உச்சம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். ஐந்தாவது நிமிடம் முடிந்ததும், "இப்போது கவரை எடுத்தால்?" என்று கேட்டு நிறுத்துங்கள். பதில்கள் வந்த பிறகு ரப்பர் பேண்டை எடுத்துக் கவரை உருவிவிடுங்கள். அதே தெர்மாமீட்டர், அதே துணி, அதே தண்ணீர், அதே ஃபேன். மாறியது ஒன்றே ஒன்று, ஆவிக்கு வெளியே போக வழி கிடைத்திருக்கிறது. ரீடிங் எல்லோர் கண் முன்னாலும் இறங்கத் தொடங்கி, இரண்டாவது தெர்மாமீட்டர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேரும். முதல் மூன்றை ஒப்பிடும்போது வராத தெளிவு இந்த ஒரு செய்கையில் வந்துவிடும்.

7. கிராஃப். நேரம் கிடைமட்டத்தில், வெப்பநிலை செங்குத்தில், மூன்று கோடு. நேரம் போதாவிட்டால் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம்.

ஸ்பிரிட் சுற்று

பீரியடில் பத்து நிமிடம் மிச்சம் இருந்தால், காய்ந்த தெர்மாமீட்டருக்குப் புது உறை போட்டு ஸ்பிரிட்டில் நனைத்து, தண்ணீர் உறை உள்ளதற்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தண்ணீரை விட வேகமாக, இன்னும் பல டிகிரி கீழே இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரிட் தீர்ந்ததும் ஏறத் தொடங்கும். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் தண்ணீர் கலந்திருப்பதால் நேராக அறை வெப்பநிலைக்கு ஏறிவிடாமல், மிஞ்சிய தண்ணீர் காயும்வரை இடையில் தயங்கி நிற்கும். கிராஃபில் அந்தத் தயக்கம் ஒரு படிபோலத் தெரிந்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம் "இது ஏன்?" என்று விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கலான கேள்வி காத்திருக்கிறது. 30 டிகிரி வாக்கில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2430 ஜூல் வெப்பம் வேண்டும். ஸ்பிரிட்டில் முக்கியமாக இருக்கும் எத்தனால் ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 900 ஜூல் போதும். அப்படியானால் தண்ணீர்தானே அதிகம் குளிர்விக்க வேண்டும்? கணக்கு சரிதான், ஆனால் அது கிராமுக்கான கணக்கு. ஒரு நிமிடத்தில் எத்தனை கிராம் போகிறது என்பது இன்னொரு கணக்கு. 25 டிகிரியில் எத்தனாலின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகி வெளியேறத் துடிக்கும் அளவு, தண்ணீருடையதைப் போல சுமார் இரண்டரை மடங்கு. போதாததற்கு, காற்றில் ஏற்கனவே நீராவி இருக்கிறது, எத்தனால் ஆவி இல்லை. அதனால் ஸ்பிரிட் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறது. சீக்கிரம் குளிர்விப்பது ஸ்பிரிட், நீண்ட நேரம் குளிர்விப்பது தண்ணீர்.

பாதுகாப்பு: ஸ்பிரிட்டை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அதே மேசையில் ஸ்பிரிட் விளக்கோ தீப்பெட்டியோ இருக்கக்கூடாது. லேப் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், அது விஷம். லேபிள் ஒட்டிய சின்ன பாட்டிலில் வையுங்கள், எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கையில் தடவிக் காட்டுவதென்றால் சானிடைசர் மட்டும், காயமோ சொறியோ உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம். பெட்ரோல் வைத்துக் காட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால், காது கொடுக்காதீர்கள்.

விளக்கம்: எவ்வளவு சொல்வது

6ஆம் வகுப்புக்கு, "தண்ணீர் ஆவியாக வெப்பம் தேவை, அதைத் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருப்பவற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது, கொடுத்தது குளிர்கிறது" என்று நிறுத்திக்கொள்ளலாம். 8, 9க்குப் போகும்போது மூலக்கூறுகளைக் கொண்டுவர வேண்டும்.

தண்ணீரில் எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் மிக வேகமானவைதான் மற்றவற்றின் ஈர்ப்பை மீறி வெளியே தப்புகின்றன. வகுப்பில் முதல் ஐந்து ரேங்க் எடுப்பவர்கள் வேறு செக்ஷனுக்குப் போய்விட்டால், மிச்சமுள்ளவர்கள் மார்க் எதுவும் குறையாமலேயே வகுப்பின் சராசரி இறங்கும் அல்லவா? அப்படித்தான். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலோடு தொடர்புடையது, சராசரி இறங்கினால் வெப்பநிலை இறங்கும். இந்த உதாரணம் ஓரளவுக்குத்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டே இருப்பதால், மிச்சத்திலிருந்து புதிது புதிதாக வேகமானவை உருவாகி, அவையும் போய்க்கொண்டே இருக்கும்.

இங்கே புத்திசாலி ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்ப இறங்கிக்கிட்டே போய் ஐஸ் ஆகணுமே, ஏன் 24ல நின்னுடுச்சு?" அருமையான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். துணி குளிரக் குளிர இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஆவியாகும் வேகம் குறைகிறது. அதே சமயம், துணி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிட்டதால் காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வரத் தொடங்குகிறது. ஆவியாதல் எடுத்துக்கொண்டு போகும் வெப்பமும் காற்று கொண்டுவந்து தரும் வெப்பமும் சமமாகும் இடத்தில் ரீடிங் நிற்கிறது. அந்த இடத்துக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். ஃபேனை இன்னும் வேகமாக வைத்தாலும் அதற்குக் கீழே போகாது, சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். நம் உடம்பு வியர்வையால் குளிர்வதற்கும் இதே எல்லைதான். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் உட்கார்ந்து ஃபேன் போட்டுக்கொண்டாலும் வியர்வையால் உடம்பைக் காப்பாற்ற முடியாது என்று சொல்வது இதனால்தான்.

ஐஸ் ஆக்கவே முடியாதா என்றால், முடியும், தண்ணீரை விட வேகமாக ஆவியாகும் திரவம் வேண்டும். ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன் 1756இல் ஆவியாகும் திரவங்கள் உண்டாக்கும் குளிர்ச்சியைப் பற்றி எழுதினார். காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்துக்குள் ஈதரை ஆவியாக்கி, சுற்றியிருந்த தண்ணீரை உறைய வைத்தவர் அவர். 1758இல் கேம்பிரிட்ஜில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜான் ஹாட்லியும் செய்தது ஏறக்குறைய நம் சோதனைதான். தெர்மாமீட்டர் குமிழைத் திரும்பத் திரும்ப ஈதரால் நனைத்தார்கள், ஃபேனுக்குப் பதில் துருத்தியால் ஊதினார்கள். அறை சுமார் 18 டிகிரியில் இருக்க, தெர்மாமீட்டர் மைனஸ் 14 வரை இறங்கி, குமிழைச் சுற்றிக் கிட்டத்தட்ட கால் அங்குலத்துக்கு ஐஸ் படிந்தது. கல்லனிடம் படித்த ஜோசப் பிளாக்தான் பிறகு உள்ளுறை வெப்பம் என்ற கருத்தை, அதாவது வெப்பநிலை மாறாமலேயே திரவம் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் போன்றதை, தெளிவாக்கினார். ஈதரை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம், நொடியில் தீப்பிடிக்கும், மயக்கமும் வரும். கதையை மட்டும் சொல்லுங்கள்.

சொல்லக் கூடாத ஒரு உதாரணமும் உண்டு: டபராவில் ஆற்றும் காபி. ஆற்றும்போது ஆவியாதல் நடக்கிறது, உண்மைதான். ஆனால் காபி காற்றைவிட மிகவும் சூடானது. ஆவியாகாமலே காற்றுக்கும் டபராவுக்கும் வெப்பத்தைக் கொடுத்து ஆறும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நம் சோதனையின் பலமே, அறையைவிடக் கீழே போகிறது என்பதுதான். சூடான பொருள் அறை வெப்பநிலைக்கு ஆறுவது யாருக்கும் ஆச்சரியமில்லை. அறை வெப்பநிலையில் இருந்த பொருள் அதற்கும் கீழே தானாக இறங்குவதற்குத்தான் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது.

மண்பானைக் கணக்கு

மறுநாள் செய்ய ஒரு நீட்டிப்பு. ஒரே அளவுள்ள மண் கலயமும் எவர்சில்வர் பாத்திரமும் எடுத்து, இரண்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, காற்றோட்டமுள்ள வராண்டாவில் நிழலில் காலையிலேயே வைத்துவிடுங்கள். புதுக் கலயமாக இருந்தால் முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். பெயின்ட் அடித்த அலங்காரப் பானையைத் தவிர்த்துவிடுங்கள். நுண்துளைகள் அடைந்துவிட்டால் அது பானை வடிவில் இருக்கும் எவர்சில்வர்தான். சமையலறைத் தராசு ஒன்று கிடைத்தால், வைக்கும்போதும் மதியமும் கலயத்தை நிறுத்துப் பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் 6 டிகிரி குளிர எவ்வளவு வெப்பம் போக வேண்டும்? 1000 கிராமை 4.18ஆல் பெருக்கி, 6ஆல் பெருக்கினால், சுமார் 25,000 ஜூல். ஒரு கிராம் ஆவியாதல் 2430 ஜூலைக் கொண்டுபோகும் என்றால், வேண்டியது 10 கிராம்தான். ஒரு லிட்டரில் இரண்டு டீஸ்பூன்! பிள்ளைகள் இந்த எண்ணை முதலில் நம்ப மாட்டார்கள், மறுபடி பெருக்கிப் பார்ப்பார்கள். தராசு உண்மையில் இதைவிட அதிகமாகவே குறைவு காட்டும். காரணம் நாம் மேலே பார்த்ததுதான். பானை குளிர்ந்ததும் வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அதையும் சேர்த்து வெளியேற்றக் கூடுதல் தண்ணீர் செலவாகிறது. கணக்குக்கும் தராசுக்கும் வரும் வித்தியாசத்தைப் பிழை என்று அடித்துவிடாமல், அது எங்கே போனது என்று பேசவையுங்கள்.

சரியாக வராவிட்டால்

ஈரத் தெர்மாமீட்டர் இறங்கவே இல்லையா? துணி குமிழை முழுசாக மூடியிருக்கிறதா பாருங்கள். குமிழுக்கு மேலே கண்ணாடித் தண்டில் கட்டிவிட்டு, "வரவில்லை" என்பது அடிக்கடி நடக்கும். கொஞ்சம் இறங்கி உடனே ஏறிவிட்டதா? துணி காய்ந்துவிட்டது. உறையை நீளமாக வெட்டி, அதன் வாலை ஒரு சின்ன மூடித் தண்ணீரில் தொங்கவிட்டால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். மூடிய தெர்மாமீட்டரும் சேர்ந்து இறங்குகிறதா? கவரின் வெளிப்பக்கம் நனைந்திருக்கும், கைக்குட்டையால் துடைத்துவிடுங்கள், அல்லது கட்டு தளர்ந்திருக்கும். காய்ந்தது மெல்ல ஏறினால், மேசையைச் சுற்றி நாற்பது பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்த பிறகு காய்ந்ததையும் வால் தொங்கும் ஈரத்தையும் கழற்றாதீர்கள். வராண்டாச் சுவரில் அருகருகே மாட்டிவிட்டால் அது ஈரப்பதம் அளக்கும் கருவி. தினம் மதியம் ஒருவர் ஒரு நிமிடம் விசிறிவிட்டு இரண்டு ரீடிங்கையும் குறித்து, வித்தியாசத்தை ஒரு சார்ட்டில் ஏற்றட்டும். வித்தியாசம் பெரிதானால் காற்று வறண்டது, சிறிதானால் ஈரம் அதிகம். மழைக்கு முந்தைய நாட்களில் அது எப்படிச் சுருங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் எடுக்கும் ஈரப்பத அளவோடு ஒப்பிட ஆசைப்பட்டால், முதலில் உங்கள் வித்தியாசத்தை ஈரப்பத அட்டவணை பார்த்துச் சதவீதமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய மதிய எண் பெரும்பாலும் அவர்களுடைய காலை எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும். உச்சிவெயிலில் காற்று சூடாகும்போது ஈரப்பதச் சதவீதம் இறங்குவது இயல்பு. ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், பள்ளிக்கு அருகில் வீடு உள்ள யாராவது ஒரு மாணவர் மாலை 5.30க்கு வந்து ரீடிங் எடுக்க வேண்டியிருக்கும்.